வரக்கோப்பியும் நாலு பிஸ்கட்டும்

சென்ற மாதம் ஒரு திங்கட்கிழமை, புக்கிட் மெர்தாஜாம் வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்றுக்குப் போயிருந்தோம். போனது வேறு காரியமாக. சபைகூடல் நடந்துகொண்டிருந்தது. மணி ஏழே முக்கால்தான், வெயில்கூட ஏறவில்லை. இரண்டாம் வகுப்பு வரிசையில் ஒரு பெண் பிள்ளை சுருண்டு விழுந்தது. ஆசிரியை ஓடி வந்து தூக்கிக்கொண்டு போய் நிழலில் உட்கார வைத்தார்.

"காலையில என்னம்மா பசியாறுன?"

"வரக்கோப்பி."

"அப்புறம்?"

"நாலு பிஸ்கட்டு, டீச்சர்."

ஓய்வு நேரத்துக்கு என்ன கொண்டுவந்திருக்கிறது என்று பையைத் திறந்து பார்த்தால், டப்பாவில் அதே பிஸ்கட் இன்னும் நாலு. பக்கத்தில் ஒரு பாக்கெட் சீனித்தண்ணீர். கலர் மட்டும் நல்ல கலர்.

"நம்ம அம்மாமாருக்கு அக்கறையே இல்லைங்க. ஒரு முட்டையை அவிச்சு வைக்க எவ்வளவு நேரம் ஆகும்?" என்றார் ஆசிரியை. நல்ல ஆசிரியைதான். தன் காசில் ரொட்டி வாங்கி அந்தப் பிள்ளைக்குக் கொடுத்தவரும் அவர்தான். ஆனாலும் அந்த வார்த்தை நமக்கு உறுத்தியது. அன்று சாயங்காலமே அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போனோம்.

தாயும் தகப்பனும் செம்பனைத் தோட்டத்தில் வேலை. அவர் குலை வெட்டுகிறார், அந்தத் தங்கச்சி உதிரிக்கொட்டை பொறுக்குகிறார். "அண்ணே, நான் நாலரைக்கு எழுந்திரிக்கிறேன். அஞ்சரைக்கெல்லாம் பெரட்டுக்கு நிக்கணும். பிள்ளைய எழுப்பிப் பசியாற வைக்கணும்னா நாலு மணிக்கே எழுப்பணும். அந்நேரத்துக்கு எந்தப் பிள்ளை திங்கும்? பள்ளி வேன் ஆறே முக்காலுக்குத்தான் வரும். அதுவரைக்கும் எங்கம்மாதான் பார்த்துக்கிறாங்க. அவங்களுக்குக் கண்ணு சரியாத் தெரியாது. கேஸ் அடுப்பைப் பத்த வைக்காதீங்கன்னு நான்தான் சொல்லி வச்சிருக்கேன். பிளாஸ்க்குல கோப்பி ஊத்தி வச்சிட்டுப் போயிடுறேன். பிஸ்கட்டு டின்னு மேசை மேல இருக்கும்."

ஆசிரியை அக்கறையில்லை என்றது இந்த வீட்டைத்தான். பிள்ளை தீயில் கை வைத்துவிடக் கூடாது, கிழவி சட்டியைக் கவிழ்த்துவிடக் கூடாது என்று கணக்குப் போட்டுக் கணக்குப் போட்டு வந்து சேர்ந்த இடம்தான் வரக்கோப்பியும் நாலு பிஸ்கட்டும். பிள்ளையின் டப்பாவில் என்ன இருக்கிறது என்பதைத் தாயின் மனசு மட்டும் தீர்மானிப்பதில்லை. பெரட்டு மணி தீர்மானிக்கிறது. வேன் வருகிற நேரம் தீர்மானிக்கிறது. மாதக் கடைசியில் கையில் மிஞ்சுகிற வெள்ளி தீர்மானிக்கிறது. இவை தொழிற்சங்க விவகாரம் இல்லாமல் வேறு என்ன? நாம் எத்தனையோ பேச்சுவார்த்தை மேசைகளில் உட்கார்ந்திருக்கிறோம். நிரை, தன், கிலோ, அலவன்ஸ் எல்லாம் பேசியிருக்கிறோம். பிள்ளையின் பசியாறலை ஒரு தடவையாவது பேசியிருக்கிறோமா? இல்லை. இதை ஒளிக்காமல் ஒப்புக்கொண்டுதான் மேலே எழுத வேண்டும்.

நாமும் அந்த டின் பாலில் வளர்ந்தவர்கள்தான். தோட்டத்துப் பள்ளியில் படித்த காலத்தில், அம்மா இருட்டோடு பால் வெட்டப் போய்விடுவார். பெரிய அக்காள்தான் எழுப்பிவிடுவார். சுடுதண்ணீரில் இரண்டு கரண்டி டின் பாலைக் கலக்கினால் அதுதான் "பால்". அதில் ரொட்டியை முக்கித் தின்றுவிட்டு ஓடுவோம். பால் குடித்துவிட்டோம் என்று எங்களுக்கும் நம்பிக்கை, அம்மாவுக்கும் நம்பிக்கை. டின்னில் ஏறக்குறைய பாதி சீனி என்று அந்தக் காலத்தில் லயத்தில் யாருக்குத் தெரியும்? இன்று கடையில் வாங்குகிற பல டின்களில் "கிரிமர் மானிஸ்" என்று போட்டிருப்பதைப் பாருங்கள். அது பால்கூட இல்லை. பாமாயிலும் சீனியும் கொஞ்சம் பால் பொடியும் சேர்ந்த சரக்கு. நாம் வெட்டிய குலையின் எண்ணெயே நம் பிள்ளைக்குப் பால் என்ற பெயரில் திரும்பி வருகிறது.

இந்த டின் பால் கதை இன்று நேற்று வந்ததல்ல. 1936இல் மலாயாவுக்கு வேலைக்கு வந்த சிசிலி வில்லியம்ஸ் என்ற டாக்டரம்மா, தாய்ப்பாலுக்குப் பதிலாக இனிப்பு டின் பாலை ஊட்டிப் பச்சைப் பிள்ளைகள் சாவதைக் கண்ணால் பார்த்தார். கம்பெனிகளோ குழந்தைக்கு உகந்தது என்று விளம்பரம் போட்டு விற்றுக்கொண்டிருந்தன. 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் துரைமார்கள் உட்கார்ந்திருந்த சபையில் அவர் பேசினார். பேச்சுக்கு அவர் வைத்த தலைப்பே "பாலும் கொலையும்" என்பதுதான். இப்படித் தவறான பிரசாரம் செய்வதைத் தண்டிக்க வேண்டும், அந்தச் சாவுகளைக் கொலையாகவே கருத வேண்டும் என்று கேட்ட துணிச்சல் அந்த அம்மாவுக்கு இருந்தது. எண்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. டின் இன்னும் நம் அடுப்படியில்தான் இருக்கிறது.

சீனிக்கும் நமக்கும் உள்ள உறவு அதைவிடப் பழசு. செபராங் பிறை முழுக்க ஒரு காலத்தில் கரும்புத் தோட்டம். 19ஆம் நூற்றாண்டில் நம் முன்னோர் பலரை ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றிக் கொண்டுவந்தது இந்த மண்ணில் கரும்பு வெட்டத்தான். பிறகு கரும்பு போய் ரப்பர் வந்தது, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனையும் போய் வீடமைப்பும் தொழிற்பேட்டையும் வந்துகொண்டிருக்கின்றன. அல்மா பக்கம் போய்ப் பார்த்தால் தோட்டம் இருந்த இடம் தெரியாது, வரிசை வரிசையாகக் கடைதான் தெரியும். கரும்பு போனாலும் சீனி மட்டும் நம்மை விட்டுப் போகவில்லை.

போகவில்லை என்பதற்கு ஒரு கணக்கு. 2019ஆம் ஆண்டு சுகாதார அமைச்சு நடத்திய தேசிய ஆய்வில், இந்த நாட்டுப் பெரியவர்களில் நூற்றுக்கு 18 பேருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்தால் நூற்றுக்கு 31 பேர். தோட்டத்திலும் அடுக்குமாடி வீட்டிலும் காலை இழந்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற பெரியவர்களை நாம் எண்ணத் தொடங்கினால் ஒரு கை விரல் போதாது. அதே ஆய்வில் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் ஐந்தில் ஒன்று வயதுக்கேற்ற உயரம் வளரவில்லை என்றும் கண்டார்கள். பள்ளி வயதுப் பிள்ளைகளில் பத்தில் மூன்று பேர் எடை மிஞ்சியவர்கள். ஒரு பக்கம் வளராத பிள்ளை, இன்னொரு பக்கம் ஊதின பிள்ளை. இரண்டும் வேறு வேறு வீட்டில் இல்லை. மலிவான மாவும் சீனியும் எண்ணெயும் வயிற்றை நிரப்பும், உடம்பைக் கட்டாது.

அந்தப் பாக்கெட் தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். பின்பக்கம் சின்ன எழுத்தில் சீனி எவ்வளவு என்று எழுதியிருக்கும். நமக்குக் கண்ணாடி வேண்டும், பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள், அதுவும் ஒரு பாடம்தான். 100 மில்லிக்கு 10 கிராம் என்று இருந்தால் 250 மில்லிப் பாக்கெட்டில் 25 கிராம். தேக்கரண்டிக்கு 5 கிராம் என்று வைத்தால் ஐந்து கரண்டி சீனி. நம் கண் முன்னால் யாராவது பிள்ளையின் தண்ணீரில் ஐந்து கரண்டி சீனி கொட்டினால் கையைத் தட்டிவிட மாட்டோமா? 100 மில்லிக்கு 5 கிராமுக்கு மேல் சீனி உள்ள பானங்களுக்கு அரசாங்கம் 2019 ஜூலையிலிருந்து லிட்டருக்கு 40 காசு வரி போட்டது. 2025 ஜனவரியில் அது 90 காசாக ஏறியது. அரசாங்கமே வரி போட்டுத் தள்ளிவைக்கப் பார்க்கிற சாமானை நாம் பிள்ளையின் பையில் ஆசையோடு வைத்து அனுப்புகிறோம். ஒரு போத்தல் சுடவைத்து ஆறின தண்ணீர். அதற்கு நேரமும் வேண்டாம், காசும் வேண்டாம். நாளைக் காலையே மாற்றலாம் என்று தைரியமாகச் சொல்லக்கூடியது இது ஒன்றுதான்.

மற்றதெல்லாம் நேரம் கேட்கும். ஆனால் காலை நேரத்தைக் கேட்காமல் ராத்திரி நேரத்தைக் கேட்கிற வழியைப் பல தாய்மார்கள் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். நாம் கற்றுக்கொடுக்கவில்லை, அவர்களிடம் கேட்டுத்தான் எழுதுகிறோம். ராத்திரி சோறு ஆக்குகிறபோதே பக்கத்தில் இரண்டு முட்டையை அவித்துவிட வேண்டும். ஓடு உடையாமல் பார்த்துத் தண்ணீரைத் துடைத்து ஐஸ் பெட்டியில் வைத்தால் மறுநாள் ஓய்வு நேரம் வரை ஒன்றும் ஆகாது. உரிக்காமலே கொடுங்கள், பிள்ளை உரித்துத் தின்னட்டும். உரித்து வைத்தால் நாறும், பிள்ளைக்கு வெட்கம் வரும். பச்சைப் பயறோ கொண்டைக் கடலையோ காலையில் வேலைக்குப் போகுமுன் ஊறப்போட்டால் ராத்திரி அரை மணியில் வெந்துவிடும். மறுநாள் கொஞ்சம் கடுகு, வெங்காயம் தாளித்துப் போட்டால் சுண்டல். கிழவி அடுப்புப் பற்ற வைக்க வேண்டிய வேலையே இல்லை. சக்கரவள்ளிக் கிழங்கும் அப்படித்தான். ராத்திரி அவித்த கிழங்கு காலையில் இன்னும் ருசி. இரண்டு பீசாங் எமாஸ், ஒரு கொய்யாத் துண்டு. கொய்யாவில் ஆரஞ்சைவிட வைட்டமின் சி அதிகம். தோட்டத்து வேலியில் சும்மா காய்க்கிறது என்பதால் அதற்கு மதிப்பில்லை, அவ்வளவுதான்.

சோறு கட்டிக்கொடுக்கிற வீடுகளும் உண்டு. அவர்களுக்கு ஒரு வார்த்தை. அஞ்சு மணிக்குச் சூட்டோடு டப்பாவை மூடினால் உள்ளே வியர்த்து, பிள்ளை பத்து மணிக்குத் திறக்கும்போது புளிச்ச வாடை அடிக்கும். பிள்ளை சாப்பிடாமல் வாய்க்காலில் கொட்டிவிட்டு வீட்டுக்கு வந்து "தின்னுட்டேன்" என்று சொல்லும். ஆற வைத்து மூடுங்கள். தேங்காய்ப்பால் போட்ட சோறும் குழம்பும் நம் ஊர்ச் சூட்டுக்குச் சீக்கிரம் கெட்டுவிடும், ஓய்வு நேரம் வரை வைக்க அது தோதில்லை. நெத்திலியை நன்றாக அலசி உப்பைப் போக்கி, வெங்காயத்தோடு வதக்கி வைத்தால் கெடாது. முள்ளோடு தின்கிற மீன், பிள்ளையின் எலும்புக்கு நல்லது. முருங்கைக் கீரையை முட்டையோடு பிரட்டிக் கொடுத்தால் கீரை என்று தெரியாமலே தின்றுவிடும். பள்ளியில் பிள்ளைகளுக்கு "சுக்கு சுக்கு செபாரோ" என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு முட்டையோ மீனோ பயறோ, பாதி காய்கறியும் பழமும். சுவரில் படமாக ஒட்டியும் இருக்கிறார்கள். நம் வீட்டுத் தட்டில் முக்கால் பங்கு சோறு, ஓரத்தில் கொஞ்சம் குழம்பு. எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற முடியாது. முட்டையை மட்டும் முதலில் ஏற்றுங்கள். அதுவும் 2025 ஆகஸ்டிலிருந்து அரசாங்கம் முட்டைக்குக் கொடுத்த உதவித் தொகையை நிறுத்திவிட்டது. முட்டை விலை நம் கூட்டங்களில் பேச வேண்டிய விலை.

கோப்பி, தேத்தண்ணீர் பற்றியும் சொல்லியாக வேண்டும். சோத்தோடு சேர்த்துக் கெட்டித் தேத்தண்ணீர் கொடுத்தால், கீரையிலும் பயறிலும் உள்ள இரும்புச் சத்து பிள்ளையின் உடம்பில் சரியாகச் சேராது. பெரியவர்களுக்கு வேண்டுமானால் அது பழக்கம். ஏழு வயதுப் பிள்ளைக்கு எதற்குப் பழக்க வேண்டும்?

இன்னொரு சங்கடம் இருக்கிறது. அதைத் தாய்மார்கள்தான் சொன்னார்கள். "சுண்டல் கட்டிக் கொடுத்தா, வேணாம்மா, சிரிக்கிறாங்கன்னு சொல்றான் அண்ணே." மற்ற பிள்ளைகள் நக்கெட்டும் சாசேஜும் கொண்டுவருகிறார்கள். அவித்த கடலையைத் திறந்தால் பட்டிக்காடு என்று கேலி. இதைக் கேட்டபோது நமக்குக் கோபம்தான் வந்தது. ஈப்போ புந்தோங்கில் கச்சாங் பூத்தே கம்பம் என்று ஒரு இடமே இருக்கிறது. நம் ஆட்கள் கடலையையும் பயறையும் அவித்தும் வறுத்தும் காகிதக் கூம்பில் சுருட்டி சினிமாக் கொட்டகை வாசலில் விற்று, சீனரும் மலாய்க்காரரும் வாங்கித் தின்று, அது இந்த நாட்டுப் பலகாரமாகவே ஆகிவிட்டது. ஊரே காசு கொடுத்துத் தின்ற பொருளை நம் பிள்ளை மூடி வைத்துத் தின்கிறது. பள்ளித் தலைமையாசிரியர்கள் இதில் ஒரு காரியம் செய்யலாம். வாரத்தில் ஒரு நாள் எல்லாப் பிள்ளைகளும் கடலையோ கிழங்கோ கொண்டுவர வேண்டும், ஆசிரியரும் அதையே திறந்து பிள்ளைகளோடு உட்கார்ந்து தின்ன வேண்டும். ஆசிரியர் தின்பதைப் பார்த்து எந்தப் பிள்ளையும் சிரிக்காது.

அப்பன்மாருக்கும் சொல்கிறோம், கோபித்துக்கொள்ள வேண்டாம். டப்பா கட்டுவது பொம்பள வேலை என்று எந்தச் சட்டத்திலும் எழுதியில்லை. இரண்டு பேரும் ஒரே பெரட்டுக்குத்தான் நிற்கிறீர்கள். ராத்திரி ஒரு முட்டையை அவிக்க, கடலை ஊறுகிற கிண்ணத்தில் தண்ணீர் ஊற்ற உங்கள் கை வராதா? சம்பள நாளன்று கடையில் உட்கார்ந்து இரண்டு டின் பீர் குடிக்கிற காசில் பிள்ளைக்கு எத்தனை நாள் முட்டை வாங்கலாம் என்ற கணக்கை நாம் போடப் போவதில்லை. நீங்களே போடுங்கள். போட்டுவிட்டு வீட்டில் சொல்லாமல் இருந்தாலும் சரி.

சரி, தாய் தகப்பன் செய்ய வேண்டியதைச் சொல்லிவிட்டோம். இதோடு நிறுத்தினால் நாமும் அந்த ஆசிரியை சொன்னதையேதான் சொல்லியிருப்போம். நாலரைக்கு எழுகிற தாயிடம் நாலு மணிக்கு எழு என்று சொல்வதற்கு ஒரு சங்கம் தேவையில்லை.

1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், தோட்டத்தில் பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் பள்ளி வைக்க வேண்டும் என்றது. அந்தக் கொட்டகைப் பள்ளிகளில்தான் நம் அப்பன் பாட்டன் எழுத்துக் கற்றார்கள். பள்ளி வந்தது, பசி போகவில்லை. 1970களின் பிற்பகுதியில்தான் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் உணவு கொடுக்கும் ஆர்.எம்.தி. என்ற கூடுதல் உணவுத் திட்டம் பரவியது. 1983இல் பள்ளிப் பால் வந்தது. 2022இல் தீபகற்பத்தில் ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 2 வெள்ளி 50 காசாக இருந்த ஆர்.எம்.தி. தொகை 3 வெள்ளி 50 காசானது. நல்லது. ஆனால் அது வசதியில்லாத பிள்ளைகளுக்கு மட்டும். வருமான விவரத்தைப் பள்ளியில் கொடுத்தால்தான் பெயர் ஏறும். நாம் பார்த்த வீடுகளில் சிலருக்கு இந்தத் திட்டமே தெரியவில்லை. சிலர் சம்பளச் சீட்டைத் தேடிக் களைத்து விட்டுவிட்டார்கள். இன்னும் சிலர், "வேணாம் அண்ணே, இலவசச் சோறு தின்கிற பிள்ளைன்னு தனியா ஒரு மேசையில உட்கார வப்பாங்க" என்றார்கள். அந்தச் சுருண்டு விழுந்த பிள்ளையின் பெயர் பட்டியலில் இல்லை. தகுதி இருந்தும் இல்லை.

தனி மேசை என்ற வெட்கம் போக ஒரே வழி, எல்லாருக்கும் ஒரே மேசை போடுவதுதான். இதை 2019இல் நம் நாட்டிலேயே அறிவித்தார்கள். 2020 முதல் எல்லா ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் இலவசக் காலை உணவு என்றார்கள். பணக்காரப் பிள்ளைக்கு எதற்கு இலவசம் என்று பலர் கேலி செய்தார்கள். 2020 ஜனவரி பிறந்த இரண்டாம் நாளே கல்வி அமைச்சர் பதவி விலகினார். எல்லாருக்கும் என்ற அந்தத் திட்டம் அப்படியே படுத்துவிட்டது. அது முடியாத காரியமா? பின்லாந்து 1948லிருந்து பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் மதியச் சோறு போடுகிறது. அன்றைக்குப் பின்லாந்து பணக்கார நாடு இல்லை, சண்டையில் நொந்து போன நாடு.

தமிழ்நாட்டைப் பாருங்கள். 1956இல் காமராசர் முதலமைச்சராக இருந்தபோது பள்ளிகளில் மதிய உணவு தொடங்கினார். படிக்க வராத பிள்ளை ஏன் வரவில்லை என்று கேட்டு, பசிதான் என்று தெரிந்துகொண்டு செய்த வேலை. 1982 ஜூலை 1ஆம் தேதி எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாகப் பெரிதாக்கினார். இவ்வளவு செலவுக்குப் பணம் எங்கே என்று அன்றும் கேட்டார்கள். பிறகு வந்தவர்கள் யாரும் அதை நிறுத்தவில்லை, முட்டையும் பயறும் சேர்த்துக்கொண்டே போனார்கள். மதியம் சோறு கிடைத்தாலும் காலையில் வெறும் வயிற்றோடு வருகிறார்களே என்று, 2022 செப்டம்பர் 15ஆம் தேதி மதுரையில் காலை உணவுத் திட்டத்தை மு.க. ஸ்டாலின் தொடங்கினார். 2023 ஆகஸ்ட் 25இலிருந்து அது மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் போனது. உப்புமா, கிச்சடி, பொங்கல், கூடக் காய்கறிச் சாம்பார். பெரிய விருந்து ஒன்றும் இல்லை. சமைப்பது பெரும்பாலும் அந்த ஊர்ப் பெண்கள்தான். வேலைக்குப் போகிற தாய்க்கு அதிகாலையில் ஒரு சுமை இறங்கியது. எந்தக் கட்சி செய்தது என்று நாம் பார்க்கவில்லை. கட்சி மாறியும் சோறு நிற்கவில்லை என்பதைத்தான் பார்க்கிறோம். நம் நாட்டில் அமைச்சர் மாறினால் தட்டும் மாறிவிடுகிறது.

அரசாங்கம் செய்கிறபோது செய்யட்டும் என்று உட்கார்ந்திருக்கவும் முடியாது. தோட்டத்தில் குழந்தைக் காப்பகம் வைப்பது பற்றி 446ஆம் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. அந்தக் காலத்து ஆயாக் கொட்டகையை நினைத்துப் பாருங்கள். தாய் நிரைக்குப் போனால் ஆயா பிள்ளைக்குக் கஞ்சி ஊற்றினாள். பள்ளிக்கூட வயதுப் பிள்ளைக்கும் காலை ஐந்தரையிலிருந்து ஏழு வரை அப்படி ஒரு கொட்டகையும் ஒரு ஆயாவும் ஒரு சட்டிக் கஞ்சியும் இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். ஒரு ஆயாவின் சம்பளம் ஒரு தோட்ட நிர்வாகத்துக்கு எவ்வளவு? குறைந்தபட்சச் சம்பளம் 2025இலிருந்து மாதம் 1,700 வெள்ளி. அந்த ஒரு சம்பளம், கொஞ்சம் அரிசி, பயறு, வெல்லம். இதைக் கேட்டால் நிர்வாகம் என்ன சொல்லும் என்று நமக்குத் தெரியும். "இப்போது தோட்டத்தில் உங்கள் ஆட்களே கொஞ்சம் பேர்தானே, மற்றவர்கள் எல்லாம் வெளிநாட்டுக்காரர்கள்" என்பார்கள். கொஞ்சம் பேர் என்றால் செலவும் கொஞ்சம்தானே என்று நாம் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

பெரட்டு நேரத்தையும் பேச வேண்டும். ஆறு வயதிலிருந்து ஒன்பது வயது வரை பிள்ளை உள்ள தாய்க்கு அரை மணி நேரம் தள்ளிப் பெரட்டு வைத்தால் குலை மரத்திலிருந்து தானாக விழுந்துவிடாது. வாரத்துக்கு 48 மணி வேலை என்பது 2023 ஜனவரியில் 45 மணியாகக் குறைந்தது. குறைந்த அந்த மூன்று மணி நேரம் காலையில் குறையட்டுமே என்று கேட்பதில் என்ன தப்பு? புக்கிட் மின்யாக், பிறை, பத்து காவான் பக்கம் கம்பெனி பஸ் ஏறுகிற தங்கச்சிகளுக்கும் இதே கதைதான். அங்கே பெரட்டுக்குப் பதில் ஷிப்ட் என்று பெயர்.

வரும் ஒப்பந்தக் கோரிக்கைப் பட்டியலில் இந்த இரண்டையும், காலைக் கொட்டகையையும் பெரட்டு நேரத்தையும், எழுதிச் சேர்க்கச் சொல்லி நம் வட்டாரக் கூட்டத்தில் பேசப் போகிறோம். சம்பளத்தை விட்டுவிட்டுக் கஞ்சி கேட்கிறாயா என்று சிரிக்கிற தோழர்கள் இருப்பார்கள். இருக்கட்டும். சுண்டலுக்குச் சிரிக்கிற பிள்ளைகளையே சமாளிக்கப் போகிறோம், இவர்களைச் சமாளிக்க முடியாதா?

அந்தப் பிள்ளையின் வீட்டில் இப்போது ஒரு ஏற்பாடு நடக்கிறது. அடுத்த வீட்டு அக்காவுக்குப் பேரன் அதே பள்ளியில் படிக்கிறான். அவர் காலையில் இரண்டு தோசை கூடுதலாக வார்த்துக் கொடுக்கிறார். இந்தத் தங்கச்சி வாரக் கடைசியில் மாவுக்கு அரிசியும் உளுந்தும் வாங்கிக் கொடுத்துவிடுகிறார். பிளாஸ்க்கில் கோப்பிக்குப் பதில் வெறும் சுடுதண்ணீர். பிள்ளை முதல் இரண்டு நாள் அழுததாம்.

ஆர்.எம்.தி. பட்டியலில் பிள்ளையின் பெயர் இல்லாதவர்கள் வருகிற ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு வரும்போது கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, பிள்ளையின் பிறப்புப் பத்திரம், இரண்டு பேருடைய அடையாளக் கார்டு எல்லாவற்றையும் கையோடு எடுத்து வாருங்கள். மலாயில் எழுதிக் கொடுக்க நம்மிடம் ஆள் இருக்கிறார்கள். சம்பளச் சீட்டுத் தொலைந்து போனவர்களும் வாருங்கள், கிராணியிடம் கேட்டு வாங்குவது எங்கள் பொறுப்பு.